குடிக்க வைத்த தண்ணீரில் ஒரு கணக்கு

எங்கள் வீட்டுக் கூடத்தின் தரை சிவப்பு சிமெண்ட். மழை இல்லாத நாளில் அதில் ஈர விரலால் ஒரு வரி எழுதினால், அடுத்த வரியை முடிப்பதற்குள் முதல் வரி ஓரங்களில் வெளுக்கத் தொடங்கும். நாலாவது வரிக்கு வரும்போது முதல் வரி இருந்த இடமே தெரியாது. நான் சும்மா சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தத் தரையில், தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் எதிரில் உட்கார்ந்து, என் தங்கை விசாலம் ஓர் அல்ஜீப்ரா கணக்கைத் தண்ணீரால் போட்டாள். மொத்தம் நாலு வரி. மூன்று காய்ந்துவிட்டன. மிச்சம் நின்ற ஒரு வரிதான் எங்கள் வீட்டில் பல நாள் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

போன வாரக் கட்டுரையை, அப்பாவின் காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பியதோடு நிறுத்தியிருந்தேன். கோட்டைக்குள் இருந்த அந்த வீட்டில் பிறகு நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், விசாலம். நான் இண்டர்மீடியட் முடித்து செக்ரடேரியட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். விசாலம் பெண்கள் கல்லூரியில் கணிதம் எடுத்துப் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாகக் கூட்டி ஒரே ராஜ்யமாக்கியிருந்த காலம். எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கும் எனக்கு வருஷங்கள் மட்டும் கையில் நிற்பதில்லை. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

பிள்ளை வீட்டார் நாகர்கோவில்காரர்கள். பிடித்திருந்தால் தை மாதத்திலேயே கல்யாணம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். விசாலத்தின் பரீட்சை மார்ச்சில். தையில் தாலி ஏறினால் மார்ச்சில் பரீட்சை இல்லை. அந்தக் கணக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"பரீட்சை எழுதிட்டுத்தான் கல்யாணம்" என்றாள் விசாலம்.

"மொதல்லே அவாளுக்குப் பிடிக்கட்டும்டீ" என்றாள் அம்மா.

இது மூன்றாவது வரன். முந்தைய இரண்டில் ஒன்று ஜாதகத்தில் நின்றது. மற்றொன்று ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நான் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு வழி சொல்லிக் கொடுத்தேன். நமஸ்காரம் பண்ணு, ஒரு பாட்டுப் பாடு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, பரீட்சை விஷயத்தை நான் பேசிக்கொள்கிறேன்.

"நீ பேசமாட்டாய் அண்ணா. பஜ்ஜியை எண்ணிண்டு இருப்பாய்" என்றாள்.

மூன்று பேர், ஐந்து நாற்காலி

எங்களிடம் இருந்த நாற்காலி மூன்று. அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வாங்கிப் போட்டேன். வந்தவர்கள் மூன்றே பேர். மீதி இரண்டு நாற்காலியும் வராத யாருக்காகவோ காத்திருப்பதுபோலக் கடைசிவரை காலியாகக் கிடந்தது எனக்கு என்னவோ போல இருந்தது.

பிள்ளை ராமசேஷன். நெய்யாற்றங்கரைப் பக்கம் ஒரு பாலம் கட்டும் வேலையில் ஓவர்சியர். கழுத்துப் பட்டைக்கு மேலே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் என்று வெயிலில் காய்ந்திருந்தான். அவனோடு அவன் அம்மா வந்திருந்தாள். உட்கார்ந்ததிலிருந்து அவள் பேசியது மொத்தம் ஏழு வார்த்தை. அதில் மூன்று, விசிறி கேட்டது. மூன்றாவது ஆள் அவனுடைய பெரியப்பா. நாகர்கோவிலில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் எந்த முடிவும் அவர் வாயால்தான் வரும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

"பழவங்காடிக் கோவில்லே தேங்காய் ஒடைச்சுட்டுத்தான் வரோம். ஒரே போடு, சரிபாதி" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா உள்ளே வந்தார். தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றிவந்த ஜட்கா வண்டிக்காரனிடம்கூட வழியெல்லாம் கணக்குக் கேட்டுக்கொண்டே வந்தாராம். குதிரைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புல், இரண்டு குதிரைக்கு எத்தனை நாள் வரும் என்று.

"அவன் என்ன சொன்னான் தெரியுமோ? 'சாமி, இன்னொரு குதிரை நீங்க வாங்கித் தாங்க, பொறவு கணக்கு பறயாம்'னான்!" என்று அவரே சிரித்தார்.

அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. கணவனை இழந்தவள் இந்த மாதிரி நேரத்தில் முன்னால் வரக்கூடாது என்பது அன்றைய வழக்கம். ஆகவே கூடத்தில் எங்கள் பக்கத்து ஆள் நான் ஒருவன்தான். விசாலமே தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கேசரி, பஜ்ஜி, நேந்திரங்காயை வறுத்த உப்பேரி. காப்பி வந்தது. பெரியவர் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பும், குடிக்க ஒரு டம்ளர் ஜலமும் வைத்தாள். நமஸ்காரம் பண்ணிவிட்டு, உட்காரச் சொன்ன இடத்தில் பாயில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கச் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. இதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

"ஒரு பாட்டுப் பாடேன்" என்றாள் பிள்ளையின் அம்மா. இந்த மூன்றோடு பத்து.

"எனக்குப் பாட வராது மாமி."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. சுமாராக இரண்டு பாட்டு அவளுக்கு வரும். நவராத்திரிக்குப் பாடியிருக்கிறாள். நான் என் காலடியில் இருந்த உப்பேரித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பாதான் காப்பாற்றினார். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

"பாட்டு வராட்டா போறது. மேத்ஸ்தானே படிக்கறே? பாட்டுக்குப் பதிலா ஒரு கணக்குப் போடு. a-க்குத் தலைமேலே மைனஸ் ஒண்ணு. அதோட, b-க்குத் தலைமேலே மைனஸ் ஒண்ணு, அதைக் கூட்டு. ரெண்டையும் பிராக்கெட்டுக்குள்ளே அடை. அந்த பிராக்கெட்டுக்கும் தலைமேலே ஒரு மைனஸ் ஒண்ணு. சுருக்கிச் சொல்லு, பாப்போம்."

தலைமேல் நிற்கும் எண்

பள்ளிக்கூடத்தை விட்டு வெகு காலமான வாசகர்களுக்காகக் கொஞ்சம் நிற்கிறேன்.

ஓர் எண்ணின் தலைமேல் சின்னதாக இன்னொரு எண் எழுதினால் அது அடுக்கு. ஐந்தின் மேல் இரண்டு போட்டால் ஐந்தை ஐந்தால் பெருக்க வேண்டும். இதுவரை யாருக்கும் சிரமம் இல்லை. மைனஸ் ஒன்று போட்டால் அந்த எண்ணைக் கவிழ்த்துவிட வேண்டும். ஐந்து, ஐந்தில் ஒன்றாகிவிடும். ஐந்தில் ஒன்றின் மேல் மறுபடி மைனஸ் ஒன்று போட்டால் திரும்ப ஐந்து வந்துவிடும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தத் தலைமேல் எண்களைக் கண்டால் ஒரு கலக்கம். எதன் தலையில் பூஜ்யம் வைத்தாலும் ஒன்றுதான் என்று நாலாம் ஃபாரத்தில் சொன்னார்கள். ஆயிரத்தின் மேல் பூஜ்யம் வைத்தாலும் ஒன்று, அரையின் மேல் வைத்தாலும் ஒன்று. அப்படியானால் ஆயிரத்துக்கு என்ன மரியாதை என்று எனக்கு ஒரே கவலை.

பின்னங்களிலும் அப்படித்தான். மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து இருந்தால் அடித்துவிடலாம் என்று தெரிந்த நாளிலிருந்து கண்ட இடத்திலெல்லாம் அடித்தேன். a கூட்டல் b, அதன் கீழே a. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, மீதி b என்று எழுதிவிட்டு எத்தனை நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போவேன்! பெருக்கலால் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் அடிக்கலாம், நடுவில் கூட்டல் குறி நின்றால் தொடக்கூடாது என்று விசாலம்தான் ஒரு நாள் என் பழைய நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். என்னைவிட ஐந்து வயது சிறியவள். 'இவ்வளவு தப்பையும் வெச்சுண்டு எப்படி அண்ணா பாஸ் ஆனாய்?' என்று கேட்டாள். எனக்கும் அது இன்றுவரை தெரியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியப்பா கணக்கைச் சொல்லி முடித்ததும் நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். உடனே விடை வந்துவிட்டது. a கூட்டல் b. இவ்வளவு சுலபமாகக் கேட்டாரே, நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

இரண்டு விடை

நோட்டும் பென்சிலும் உள்ளறையில் இருந்தன. எழுந்திருக்கக் கூடாது. விசாலம் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கையை நீட்டி, பெரியவருக்கு வைத்த டம்ளரில் ஆள்காட்டி விரலை நனைத்து, தரையில் எழுத ஆரம்பித்தாள்.

கணக்கை ஒரு வரி. a-யில் ஒன்று, கூட்டல் b-யில் ஒன்று, மொத்தத்தையும் கவிழ்க்க வேண்டும் என்று அடுத்த வரி. இரண்டு பின்னத்தையும் ஒரே அடிமேல் ஏற்றி, மேலே a கூட்டல் b, கீழே ab என்று மூன்றாவது. அதைக் கவிழ்த்து நாலாவது:

ab/(a+b)

பெரியப்பா கண்ணாடியைத் தேடினார். ஜிப்பாவின் ஒரு பையில் இல்லை. மறு பையில் பொடி டப்பி. தோளில் கிடந்த துண்டின் மடிப்பிலிருந்து அதை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்தபோது தரையில் கடைசி வரி மட்டும்தான் இருந்தது.

அப்போது ராமசேஷன் வாயைத் திறந்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவள் திணறிவிட்டாள் என்று நினைத்துக் கை கொடுக்க வந்தான் என்றே இன்றும் நம்புகிறேன்.

"a கூட்டல் b-தானே பெரியப்பா? கவுத்ததை மறுபடியும் கவுத்தா நிமிர்ந்துடறது. அவ்வளவுதானே?"

அப்பாடா, மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஒரே விடை என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

பெரியப்பா கணக்கு வாத்தியார் அல்லவா. எது சரி என்று அவர் சொல்லவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு வகுப்பறை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு விடை வந்திருக்கு. நீ என்னம்மா சொல்றே? அவன் சொல்றது சரியா?"

நான் விசாலத்தைப் பார்த்தேன். என் கண்ணில் இருந்தது அவளுக்குப் புரியும். 'சரிதான்' என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"இல்லை மாமா" என்றாள்.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னாள். "ஒரு டம்ளரைக் கவுத்து நிமிர்த்தினா அதே டம்ளர்தான். ரெண்டு டம்ளர் காப்பியை ஒரு குண்டானிலே கொட்டினப்புறம் குண்டானைக் கவுத்தா, அந்த ரெண்டு டம்ளர் காப்பியும் தனித்தனியாத் திரும்பி வருமோ? a-க்கும் b-க்கும் ரெண்டு போட்டுப் பாருங்கோ. அரையும் அரையும் ஒண்ணு. ஒண்ணைக் கவுத்தா ஒண்ணுதான். நாலு ஆகாது."

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். "சேஷா! குண்டானைக் கவுத்துட்டாடா!"

எல்லாம் கெட்டது அந்தச் சிரிப்பில்தான். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் அது வெறும் கணக்கோடு போயிருக்கும். ராமசேஷனின் காது இரண்டும் சிவந்தன. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கடைசி வரியும் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளையின் அம்மா விசிறியைக் கீழே வைத்தாள்.

"குடிக்க வெச்ச ஜலத்திலே விரலை விட்டாளே. பெரியவாளுக்குன்னு வெச்ச டம்ளர். இதெல்லாம் ஆத்திலே சொல்லித் தரமாட்டேளோ?"

நான் அவள் வார்த்தைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் மாதிரி வீடுகளில் டம்ளரைத் தூக்கி, உதடு படாமல்தான் குடிப்பார்கள். குடிக்கிற ஜலத்தில் விரல் பட்டால் அந்த ஜலம் கொட்ட வேண்டியதுதான். டம்ளரையும் தேய்க்கப் போட வேண்டும். இது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். விசாலத்துக்கும் தெரியும். கணக்கு என்றதும் மறந்துவிட்டாள்.

"பஸ்ஸுக்கு நாழியாச்சு" என்று பிள்ளையின் அம்மா எழுந்தாள். "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றார் பெரியப்பா. அந்த நாளில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சையைப் பற்றி நான் பேசவே இல்லை.

தட்டில் பதினோரு பஜ்ஜி மிச்சம்.

யாருடைய விடை

"மாப்பிள்ளை என்னவோ சொன்னா சொல்லிட்டுப் போறார். நீ வாயை மூடிண்டு மிண்டாம இருந்தா என்னடீ குறைஞ்சு போறது?" என்று அம்மா அழுதாள். பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஒரு கணக்கில் விட்டுக்கொடுத்தால் ஆகாதா, கல்யாணம் என்றால் எத்தனையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

விசாலம் அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னோட விடையா இருந்தா விட்டுக் கொடுத்திருப்பேன் அண்ணா. தெரிஞ்ச பாட்டையே வராதுன்னு விட்டுடலையா? டம்ளர் விஷயம் என் தப்பு. ஆனா இது என்னோடது இல்லையே. யாரோடதும் இல்லை. நான் எப்படிக் கொடுக்கறது?"

"அதை அவர் எதிர்லயே சொல்லணுமா?"

"மாமா அவர் எதிர்லதானே கேட்டார். எதிர்லதானே சொல்ல முடியும்?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது.

இப்போது ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். விசாலம் தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். தப்பாக இருந்தால் நாகர்கோவிலுக்குப் போய், பெண் அவசரத்தில் தவறாகப் போட்டுவிட்டாள், மாப்பிள்ளை சொன்னதுதான் சரி என்று கையைக் கூப்பிவிடலாமே. அதனால் ஆபீசில் பைல்களுக்கு நடுவே ஒரு தாளை வைத்துக்கொண்டு எண்களைப் போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஆறும் போட்டால் இரண்டு வந்தது. நாலும் பன்னிரண்டும் போட்டால் மூன்று. பத்தும் பதினைந்தும் போட்டால் ஆறு. ஒரு ஜோடியாவது கூட்டலுக்குப் பொருந்தாதா என்று தேடினேன். எதைப் போட்டாலும் விடை இரண்டு எண்ணையும்விடச் சின்னதாகவே வந்தது. அது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து மேஜை நாயர் எட்டிப் பார்த்தார். "எந்தா சுவாமி, பட்ஜெட்டோ?"

"இல்லை, தங்கை கல்யாணம்."

"கல்யாணத்தினு கூட்டிக்கொண்டே போவதல்லே வழக்கம்? இது குறைஞ்சு குறைஞ்சு வருதே!"

பல வருஷம் கழித்து இதை விசாலத்திடம் சொன்னேன். அப்படி ஒரு ஜோடி கிடைக்கவே கிடைக்காது என்று ஒரு சீட்டில் போட்டுக் காட்டினாள். இரண்டு விடையும் சமமாக வேண்டுமானால் a-யின் வர்க்கம், ab, b-யின் வர்க்கம் மூன்றும் சேர்ந்து பூஜ்யமாக வேண்டுமாம். நாம் புழங்குகிற எண்களில், பூஜ்யத்தையே போட்டால் ஒழிய, அது நடக்காதாம். பூஜ்யத்தையோ கவிழ்க்கவே முடியாது. நான் அத்தனை நாள் தேடியது உலகத்திலேயே இல்லாத ஒன்றை.

நாகர்கோவிலிலிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மா ஜாதகத்தை மறுபடி பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மஞ்சள் காய்ந்த மூலைகளில் புதிதாக மஞ்சள் தடவினாள். விசாலம் கல்லூரிக்குப் போய் வந்தாள். அவள் எப்போதும்போல இருந்தாள் என்று சொல்வதற்கில்லை. தண்ணீர் குடிக்கும்போது டம்ளரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குடித்தாள்.

ஒரு டம்ளர் ஜலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். செருப்பில் மணலும் சிமெண்டும் காய்ந்து ஒட்டியிருந்தன. ராமசேஷன். தனியாக வந்திருந்தான்.

ஆட்டம் இல்லாத நாற்காலியைத் தேடிப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

"ஒரு டம்ளர் ஜலம் கிடைக்குமா?"

அம்மா பரபரத்துக்கொண்டு தானே கொண்டுவந்தாள். வெயிலில் வந்திருக்கிறாரே, மோர் தரட்டுமா என்று கேட்டாள். ஜலம் போதும் என்று வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. கூடத்தின் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டம்ளரைத் தரையில் வைத்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டான்.

அம்மா "ஐயோ" என்றாள்.

"எங்க பாலத்திலே ரெண்டு பம்பு இருக்கு மாமி" என்றான். என்னிடமும் அம்மாவிடமும் பேசினாலும் குரல் மட்டும் உள்ளறைக் கதவுவரை போகும் அளவில் இருந்தது. "தூணுக்குத் தோண்டின குழியிலே ஊத்து ஜலம் நெறஞ்சுடும். பெரிய பம்பு மட்டும் ஓட்டினா மூணு மணி நேரத்திலே வத்தும். சின்னது மட்டும் ஓட்டினா ஆறு மணி. ரெண்டையும் சேர்த்து ஓட்டினா எத்தனை மணி?"

இந்த மூன்றும் ஆறும் எனக்குத் தெரிந்த ஜோடி. "ரெண்டு" என்றேன்.

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "அதேதான். பெரிசு ஒரு மணியிலே குழியிலே மூணிலே ஒரு பங்கை எடுக்கும். சின்னது ஆறிலே ஒரு பங்கு. ரெண்டையும் கூட்டினா அரை. ஒரு மணிக்கு அரைக் குழின்னா, முழுக் குழிக்கு ரெண்டு மணி. தினம் காலம்பர இந்தக் கணக்கைப் போட்டுட்டுத்தான் கான்கிரீட் கலக்கற ஆளை வரச் சொல்றேன். ஒரு நாளும் மூணும் ஆறும் ஒம்பது மணி நேரம்னு சொன்னதில்லே. சொன்னா அவா என்னைத் தூக்கி அந்தக் குழியிலேயே போட்டுடுவா."

தரையில் விரலால் தட்டினான்.

"பெரியப்பா கேட்டது இதைத்தான். a, b-ன்னு எழுத்துலே வந்தப்போ எனக்கு அடையாளம் தெரியலே. நேத்திக்கு பம்பு போட்டுண்டு இருக்கச்சேதான் தெரிஞ்சுது. ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சா நேரம் குறையணும். நான் கூட்டிட்டேன்."

"ரெண்டு பேர் சேர்ந்தா நேரம் கூடற ஆத்தையும் நான் பாத்திருக்கேன்" என்று அம்மா என்னைப் பார்த்தாள். முதல் நாள்தான் நானும் அவளும் சேர்ந்து பரண் ஒழித்திருந்தோம்.

ராமசேஷன் சிரித்தான். நான் இந்தச் சமயத்தை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"உங்க அம்மா..."

"டம்ளரைப் பத்தி இன்னும் சொல்லிண்டுதான் இருக்கா. நானும் விரலை விட்டுட்டேன்னு போய்ச் சொல்லப் போறேன்." டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். "மார்ச்சிலே பரீட்சைன்னு பெரியப்பா விசாரிச்சுட்டார். நான் வைகாசியிலே வெச்சுக்கலாம்னு சொன்னேன். அம்மா ஒண்ணும் சொல்லலே. எங்காத்திலே அம்மா ஒண்ணும் சொல்லலேன்னா சம்மதம்னு அர்த்தம். ஆனா இங்கே கேக்காம எப்படி?"

உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. எப்போது திறந்தது என்று நான் கவனிக்கவில்லை.

அவன் மறுபடி விரலை நனைத்து, வேகமாக, ஓவர்சியர்கள் அளவு குறிக்கும் கையெழுத்தில், ஒரு சாய்ந்த கோடு இழுத்து எழுதினான்:

ab/a+b

பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டான். "இது சரியா?"

கணக்கைக் கேட்டானா, மற்றதைக் கேட்டானா என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். விசாலம் கதவைத் தாண்டி வெளியே வந்தாள். காலில் மெட்டி இல்லாத நடை, சத்தமே இல்லை. தரையைப் பார்த்தாள்.

"சரியில்லை" என்றாள்.

பதினோரு பஜ்ஜியும் கண்முன் வந்து நின்றன.

"கோட்டுக்குக் கீழே a மட்டும்தான் வந்திருக்கு. b வெளியிலே தனியா நிக்கறது."

அவள் மண்டியிட்டாள். அதே டம்ளரில் விரலை நனைத்தாள். கோட்டை அடுத்த a-க்கு முன்னால் ஒரு வளைவு, கடைசி b-க்குப் பின்னால் ஒரு வளைவு என்று பிராக்கெட் போட்டாள்.

"இப்போ சரி."

ராமசேஷன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"மோர் கொண்டு வரேன்" என்று அம்மா ஓடினாள். இரண்டு பேர் விரல் பட்ட அந்த டம்ளரை யாரும் தேய்க்க எடுத்துப் போகவில்லை. நான் ஆட்டம் இல்லாத நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் எழுதியது முதலில் காய்ந்தது. ab போயிற்று, கோடு போயிற்று, a-யும் b-யும் போயின. விசாலம் விரலை நன்றாக நனைத்துப் போட்டிருக்கிறாள். அந்த இரண்டு வளைவு மட்டும், உள்ளே ஒன்றும் இல்லாமல், அம்மா மோர் கொண்டுவரும்வரை சிவப்புத் தரையில் ஈரமாக இருந்தன.